சொல்லின் அயலும் பொருளின் வரைபடமும்

சொல்லொன்றின் பொருளை நாம் எவ்வாறு அறிகின்றோம்? அகராதியைப் பார்த்து அறிகின்றோம் என்பது உடனடியாகத் தோன்றும் விடையாகும். ஆயின் எந்தக் குழந்தையும் அகராதி பார்த்து மொழி கற்பதில்லை. அகராதி தொகுத்த அறிஞரும் ஒரு சொல் எவ்வெவ்விடங்களில் எவ்வெச் சொற்களோடு வந்துள்ளது என்பதை ஆராய்ந்த பின்னரே அதற்குப் பொருள் எழுதினர். எனவே சொல்லின் பொருளை அறியும் வழி அதன் அயலை அறிவதே என்னும் கருத்து மொழி பற்றிச் சிந்தித்தோரிடையே நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது எனலாம்.

தமிழிலக்கண மரபும் இதனை அறிந்திருந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்திலே பலபொருள் ஒருசொல் பற்றிப் பேசப்படுகின்றது. அவ்வகைச் சொற்களுள் ஒரு பிரிவின, தாம் கொண்டு முடியும் வினையாலும், தம்மோடு வரும் இனத்தாலும், சார்பாலும் பொருள் தெளிவுறும் என்று அங்கு கூறப்படுகின்றது. உரைகாரர் இதனை விளக்குதற்கு ‘மா’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வர். அது மரத்தையும் குறிக்கும், குதிரையையும் குறிக்கும். மா பூத்தது என்றால் மரம் என்பதை வினை காட்டும். மாவும் மருதும் சேர்த்துச் சொல்லப்படின் மரம் என்பதை இனம் காட்டும். கவசம் பூண்டு நிற்கும் ஒருவன் மாவைக் கொண்டுவரச் சொன்னால், அவன் கேட்பது குதிரையையே என்பதைச் சார்பு காட்டும்.

இம்மூன்றனுள் முதலிரண்டும் வாக்கியத்திலே காணக்கிடப்பவை; மூன்றாவது அத்தகையதன்று. கவசம் சொல்லப்படவில்லை; அது பேசுபவனின் உடம்பிலே கிடக்கின்றது. இந்த வேறுபாட்டை மனத்திருத்திக்கொண்டு, சொற்கள் சேர்ந்து வருதலை எண்ணிக் கணக்கிட்டு அறிவின் வரைபடங்களை ஆக்கும் முயற்சி எவ்வாறு வளர்ந்தது என்பதையும், அம்முயற்சி வரலாற்று மாணவர்க்கு எதைத் தரும், எதைத் தரமாட்டாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இன்றைய கணனி விஞ்ஞானம் முழுவதும் தொல்காப்பியத்திலே உண்டு என்று பெருமை பேசுவது அதன் நோக்கமன்று.

சொல்லடைவின் தோற்றம்

சேர்ந்து வரும் சொற்களை எண்ணுவதற்கு முன்னர் அவை எங்கெங்கு வருகின்றன என்று அறிதல் வேண்டும். அதற்கான கருவி சொல்லடைவு. 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியிற் பாரிஸ் நகரத்து டொமினிக்கன் துறவியர், சென் ஷேர் ஊரினரான ஹியூ என்பாரின் தலைமையில், இலத்தீன் விவிலியத்துக்குச் சொல்லடைவு ஒன்றை ஆக்கினர். போதனை செய்வோர்க்கு வேண்டிய வசனங்களை விரைந்து கண்டெடுத்தற்கு உதவுவதே அதன் பயன். முதலில் ஆக்கப்பட்ட அடைவு இடக்குறிப்பை மாத்திரமே தந்தது. ஒரு சொல் வரும் இடத்தை மட்டும் அறிந்தாற் போதாது, அதன் சுற்றமும் கண்முன் நிற்றல் வேண்டும் என்பது விரைவிலே உணரப்பட்டது. அதனால் அந்நூற்றாண்டிலேயே சொல் அமைந்த வாக்கியப் பகுதியையும் உடன் தரும் அடைவுகள் தோன்றின.

இம்மரபு பொறியோடு இணைந்தது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயாகும். ரொபேட்டோ பூசா (1913–2011) என்னும் இத்தாலிய இயேசுசபைக் குரு, தோமஸ் அக்குவைனாசின் தத்துவத்திலே ‘உடனிருத்தல்’ என்னும் கருத்தை ஆராய முற்பட்டார். அக்கருத்தைக் குறிக்கும் இலத்தீன் பெயர்ச் சொற்களை அட்டவணைகளிலே தேடியபோது, அவை அக்குவைனாசின் சிந்தனையில் மையமானவை அல்ல என்று கண்டார். அக்கருத்து உண்மையில் ‘இன்’ என்னும் மிகச் சிறிய முன்னிடைச் சொல்லைச் சுற்றியே அமைந்திருந்தது. தமிழிலே ‘இல்’, ‘கண்’ என வரும் ஏழாம் வேற்றுமை உருபுகளுக்கு இணையானது அது. அடைவு செய்வோர் பொருளற்ற சிறு சொல்லென ஒதுக்கிவிடும் வகையைச் சேர்ந்தது. ஆகவே பூசா அச்சொல் வரும் வாக்கியங்களை ஏறத்தாழ 10,000 அட்டைகளிலே தம் கையால் எழுதினார். 1946இல் அவ்வாய்வை நிறைவு செய்த பின்னர், அக்குவைனாசின் நூல்கள் அனைத்துக்கும் ஒரு முழுமையான சொல்லடைவு வேண்டும் என்று உறுதிகொண்டார்.

1949இல் அவர் நியூயோர்க் சென்று ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவரான தோமஸ் வாட்சனைச் சந்தித்து உதவி பெற்றார். துளை அட்டைகளிலே தொடங்கிய பணி பின்னர் காந்த நாடாவுக்கு மாறிற்று. ஏறத்தாழ 11 மில்லியன் இலத்தீன் சொற்களைக் கொண்ட அவ்வடைவு 1974இல் அச்சேறத் தொடங்கி, 1980 அளவில் 56 தொகுதிகளாக நிறைவெய்தியது. வட இத்தாலியின் கல்லராத்தே நகரிலே அவ்வட்டைகளிற் சொற்களைப் பொறித்தவருட் பெரும்பாலோர் இளம் பெண்கள் ஆவர். மனிதவியற் கணிப்பின் தந்தை எனப் பூசா போற்றப்படுகின்றார். அப்பெண்களின் பெயர்களோ நெடுங்காலம் எவராலும் விசாரிக்கப்படவில்லை. எந்திரம் எண்ணியது என்று நாம் கூறும் ஒவ்வொரு வேளையிலும் அவ்வெந்திரத்துக்குச் சொற்களை ஊட்டிய கைகள் இருந்தன என்பது மறக்கத்தக்கதன்று.

மொழியியலாளரின் பங்கு

சொல்லடைவு ஒரு கருவி மாத்திரமே. சொல்லின் அயலே அதன் பொருளைக் காட்டும் என்னும் கோட்பாடு மொழியியலிலே இரு வேறு நாடுகளில் உருப்பெற்றது.

இங்கிலாந்திலே அதனை வளர்த்தவர் ஜே. ஆர். பேர்த் ஆவார். இவர் 1920களில் லாகூரிலே பேராசிரியராயிருந்தவர். ஆடன் என்பாரின் தமிழிலக்கண நூலின் 1934ஆம் ஆண்டுப் பதிப்பிலே தமிழ் உச்சரிப்புப் பற்றிய ஒரு சுருக்கத்தை எழுதிச் சேர்த்தவர். மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியின் சிந்தனை இவரைப் பெரிதும் ஈர்த்தது. பசுபிக் பிரதேசத்துத் துரோபிரியண்ட் தீவுகளில் வாழ்ந்து ஆய்வு செய்த மலினோவ்ஸ்கி, அம்மக்களின் கூற்றுக்களை அவை எழுந்த சூழ்நிலையினின்று பிரித்தெடுத்து மொழிபெயர்க்க இயலாது என்று 1923இல் எழுதினார். மீன்பிடித் தோணியிலே கூறப்படும் சொல்லின் பொருள் அத்தோணியையும் கடலையும் கூட்டு முயற்சியையும் சார்ந்தது என்பது அவர் கொள்கை.

இச்சூழ்நிலைக் கோட்பாட்டை ஏற்ற பேர்த், அதனோடு பிறிதொன்றையுஞ் சேர்த்தார். சொற்கள் தமக்குள் வழக்கமாகக் கூடும் தோழமையும் பொருளின் ஒரு பகுதியே என்பது அது. இரவு என்னும் சொல் இருளோடு கூடிவருவதும் அச்சொல்லின் பொருளைச் சேர்ந்ததே என்று அவர் 1951இல் விளக்கினார். ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டு அறியலாம் என்ற கருத்தை அவர் 1957இல் வெளியிட்ட கட்டுரை உலகறியச் செய்தது. நம் மொழியிலிருந்தும் இதற்கு உதாரணம் காட்டலாம். கடும் மழை என்கின்றோம். கன மழை என்றும் சொல்கின்றோம். கடுங்கோபம் என்கின்றோம், கன கோபம் என்று எழுதுவதில்லை. ‘கடும்’, ‘கன’ ஆகிய இரண்டும் மிகுதியையே குறிப்பினும் அவற்றின் சுற்றம் வேறாகும்.

அமெரிக்காவிலே செலிக் ஹரிஸ் வேறொரு வழியால் இதே இடத்தை வந்தடைந்தார். சூழ்நிலையையும் மனக்கருத்தையும் ஒதுக்கி, மொழிக்கூறுகள் எவ்விடங்களிலே வருகின்றன என்பதை மாத்திரம் கொண்டு மொழியமைப்பை விபரிக்க முயன்ற மரபைச் சேர்ந்தவர் அவர். இரு சொற்கள் பொருளில் எவ்வளவுக்கு வேறுபடுகின்றனவோ அவ்வளவுக்கு அவற்றின் சூழல்களும் வேறுபடும் என 1954இல் வெளியான கட்டுரையொன்றில் அவர் வாதித்தார். கண் வைத்தியரைக் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்கள் ஏறக்குறைய ஒரே சூழல்களில் வரும். வழக்கறிஞரைக் குறிக்கும் சொல் அச்சூழல்கள் சிலவற்றிலேயே வரும்.

இவ்விருவர்க்குமிடையே உள்ள வேறுபாடு சிறிதன்று. பேர்த் சொல்லின் தோழமையோடு சூழ்நிலையையும் கைவிடாது வைத்திருந்தார். ஹரிசின் முறையோ எழுத்திலுள்ளதையே போதுமானதாகக் கொண்டது. பின்னாளிலே எந்திரத்துக்கு இசைவாக அமைந்தது ஹரிசின் முறையே. எழுத்தை எண்ணலாம்; சூழ்நிலையை எண்ணல் அரிது.

எண்ணும் முறை

1950களிலே கேம்பிரிட்ஜ் நகரில் மார்கரெட் மாஸ்டர்மன் என்னும் பெண்மணி மொழி ஆய்வுக் குழுவொன்றை நடாத்தினார். இவர் தத்துவஞானி விற்கென்ஸ்ரைனின் மாணவி. ரொஜே 1852இல் வெளியிட்ட ஆங்கிலச் சொற்களஞ்சியத்தின் தலைப்புக்களைக் கொண்டு எந்திர மொழிபெயர்ப்புக்கு வழிகாண இக்குழு முயன்றது. அதிலே பயின்ற கரன் ஸ்பார்க் ஜோன்ஸ், ஒருபொருட் சொற்களை எந்திரத்தின் துணையால் வகைப்படுத்தும் முறை பற்றி 1964இல் தமது ஆய்வேட்டை அளித்தார். 1972இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் பயன்படும் ஒரு விதியைத் தந்தது. எல்லா ஆவணங்களிலும் வரும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. சிலவற்றிலே மட்டும் வரும் சொல்லே அவ்வாவணங்களின் விடயத்தைக் காட்டும். ஆதலால் சொல் எத்தனை ஆவணங்களிலே பரந்துள்ளதோ அதற்கேற்ப அதன் நிறையைக் குறைத்தல் வேண்டும் என்பதே அவ்விதி. இது பயனுள்ள விதியே. எனினும் பூசாவின் சிறு சொல் இவ்விதியின் கீழ் நிறையிழந்து மறைந்திருக்கும் என்பதும் ஈண்டு நோக்கற்பாலது.

இதே காலத்தில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் சால்டன் என்பவரும் அவர் குழுவினரும் ஆவணங்களைக் கணிதப் பொருள்களாக்கினர். ஒவ்வோர் ஆவணத்தையும் அதிலுள்ள சொற்களின் எண்ணிக்கையால் அமைந்த ஒரு காவியாகக் கொண்டு, இரு காவிகளுக்கு இடைப்பட்ட கோணம் சிறிதாயின் அவ்வாவணங்கள் ஒத்தவை எனத் துணிவது அவர்கள் முறை. 1975இல் வெளியான அவர்கள் கட்டுரை இத்துறையின் அடிக்கற்களுள் ஒன்று.

ஆவணத்துக்குச் செய்ததைச் சொல்லுக்கும் செய்யலாம். பெரியதொரு தாயத்தை எண்ணிக்கொள்வோம். அதன் நிரை ஒவ்வொன்றும் ஒரு சொல். நிரல் ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை. அச்சொல் அக்கட்டுரையில் எத்தனை முறை வந்தது என்பது அவை சந்திக்கும் கட்டத்திலே எழுதப்படும். வைத்தியர் என்னும் சொல்லை ஆளும் எழுத்தாளர் டாக்குத்தர் என்று எழுதுவதில்லை; டாக்குத்தர் என்பவர் வைத்தியர் என்பதில்லை எனக் கொள்வோம். இரு சொற்களும் ஒரே கட்டுரையில் ஒருபோதும் சந்தியா. ஆயினும் இரண்டினதும் அயலிலே நோயாளி, மருந்து, ஆஸ்பத்திரி, காய்ச்சல் ஆகிய சொற்கள் நிற்கும். நேரே சந்தியாத சொற்களையும் பொதுவான அயலாரைக் கொண்டு அருகருகே வைப்பதே இம்முறையின் வலிமை. தாயத்தின் ஆயிரக்கணக்கான நிரல்களைச் சில நூறு பரிமாணங்களாகச் சுருக்கும்போதே இவ்வுறவு துலக்கமாகின்றது. 1990இல் டியவெஸ்ரர், சூசன் டுமே முதலிய ஐவர் இச்சுருக்கல் முறையை விளக்கினர்.

1997இல் லான்டவரும் டுமேயும் இதனைப் பரிசோதித்தனர். ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்றின் 30,000க்கு மேற்பட்ட கட்டுரைகள், அதாவது ஏறத்தாழ 4.6 மில்லியன் சொற்கள், கணனிக்கு ஊட்டப்பட்டன. பரிமாணங்கள் 300 அளவுக்குச் சுருக்கப்பட்டன. அதன் பின்னர் அந்நிய மொழியினர்க்கான ஆங்கிலத் தேர்விலிருந்து ஒருபொருட்சொல் வினாக்கள் 80 கொடுக்கப்பட்டன. எந்திரம் ஏறத்தாழ 64 வீதமானவற்றுக்குச் சரியான விடை தந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத, அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்த மாணவரின் சராசரியும் ஏறக்குறைய அதுவே. இலக்கணமும் அறியாது, உலகத்தையுங் காணாது, எண்ணிக்கையால் மாத்திரம் இப்பேறு கிட்டியது என்பது வியப்புக்குரியதே.

அறிவின் வரைபடம்

சொற்களை இவ்வாறு அருகும் தொலைவுமாக வைத்தபின் அவற்றை ஒரு தளத்திலே வரைந்து காட்டுதல் இயல்பாகவே தொடர்ந்தது. 1983இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் மிஷெல் கலோனும் அவர் தோழரும் இணைச்சொல் ஆய்வு என்னும் முறையை முன்வைத்தனர். விஞ்ஞானக் கட்டுரைகளைக் குறிக்கும் திறவுச் சொற்கள் எவ்வெவை சேர்ந்து வருகின்றன என எண்ணி, அடிக்கடி சேர்வனவற்றைக் கோட்டால் இணைத்தனர். ஒரு துறையின் மையம் எது, ஓரம் எது, எவ்விரு துறைகளுக்கிடையே பாலம் எழுகின்றது, எது துண்டிக்கப்பட்டு நிற்கின்றது என்பன அப்படத்திலே புலனாயின. பட்டியலாகக் கிடந்த அறிவு நிலப்படம்போலத் தோன்றிற்று. சமூகவியலாளரான அவர்களது அக்கறை சொற்களோடு நிற்கவில்லை. எந்தப் பிரச்சினையை எதனோடு இணைப்பது என்பதை எவர் தீர்மானிக்கின்றனர் என்பதே அவர்களின் உண்மையான வினா.

2013இல் கூகிள் நிறுவனத்தைச் சேர்ந்த மிக்கொலோவ் முதலியோர் பெருந்தொகையான எழுத்துக்களிலிருந்து சொற்காவிகளை விரைவாகக் கற்கும் முறையை வெளியிட்டனர். அரசன் என்னும் சொல்லின் காவியிலிருந்து ஆணைக் கழித்துப் பெண்ணைக் கூட்டினால் அரசிக்கு அண்மையிலே வந்து சேரலாம் என்னும் உதாரணம் அக்காலத்திலே பிரசித்தமாயிற்று. இன்று உரையாடும் எந்திரங்களும் இவ்வழியில் வந்தவையே.

வரலாற்று மாணவரை ஈர்ப்பது பிறிதொரு பயன். வெவ்வேறு காலத்து நூல்களுக்கு வெவ்வேறு வரைபடம் வரைந்தால் ஒரு சொல் இடம் பெயர்வதைக் காணலாம். ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் முற்காலத்தில் விதை தூவுதலின் அயலிலே இருந்தது. பின்னர் வானொலியின் அயலுக்குப் பெயர்ந்தது. ஹமில்டன் முதலிய மூவர் 2016இல் இத்தகைய பெயர்ச்சிகளை அளந்து காட்டினர்.

வரைபடத்தின் எல்லை

இனி இம்முறையின் எல்லையைப் பார்ப்போம். சுற்றம் மட்டுமே பொருளைத் தந்துவிடுமா என்னும் வினாவுக்குச் சிந்துவெளி எழுத்துக்கள் தக்க சான்றாகும். பின்லாந்து அறிஞர் பர்ப்போலாவும் அவர் குழுவினரும் 1973இலும், ஐராவதம் மகாதேவன் 1977இலும் கணனியின் உதவியோடு அவ்வெழுத்துக்களுக்கு அடைவுகளை வெளியிட்டனர். மகாதேவன் 417 குறிகளை வகுத்து, எக்குறி எக்குறியோடு வருகின்றது, எது தொடக்கத்தில் நிற்கின்றது, எது ஈற்றில் நிற்கின்றது என்று தெளிவாகக் காட்டினார். அக்குறிகளின் அயல் முழுவதும் நமக்குத் தெரியும். பொருளோ இன்றுவரை ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை. வாசிக்கத் தெரிந்த ஒரு மொழியோடேனும் உலகத்தோடேனும் ஓரிடத்திலாவது தொடுக்கப்படாத வரைபடம், ஊர்ப்பெயர் எழுதப்படாத தேசப்படத்தை ஒத்தது. தெருக்கள் தெரியும், இது எந்த ஊர் என்பது தெரியாது.

இரண்டாவது, சொற்கள் கூடிவருதற்குக் காரணம் பொருள் மட்டுமன்று. பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூலிலே, சான்றோர் செய்யுட்களில் மீண்டும் மீண்டும் வரும் சொற்றொடர்களை ஆராய்ந்தார். அவை வாய்மொழியாகப் பாடும் பாணரது தொழில் மரபோடு தொடர்புடையன என்பது அவர் முடிபு. இன்ன அடை இன்ன பெயரோடு வருதலுக்கு யாப்பும், பாடுவோனின் தேவையும், அவனைப் பேணிய சமூகமும் காரணமாயின. அத்தொடர்களை எண்ண மட்டுமே செய்திருந்தால் எண்ணிக்கை கிடைத்திருக்கும், பாணர் கிடைத்திரார்.

மூன்றாவது, வரைபடம் எழுதியவரின் மனத்தையே காட்டும். 2016இல் பொலுக்பாசி முதலியோர் செய்தித் தொகுதிகளிலிருந்து பெற்ற சொற்காவிகளை ஆராய்ந்து, அவை ஆணைத் தொழில்நுட்ப வேலையோடும் பெண்ணை வீட்டு வேலையோடும் சேர்த்து வைத்தன எனக் கண்டனர். 2017இல் காலிஸ்கன் முதலிய மூவர் இத்தகைய சாய்வுகள் மனிதரிடையே உளவியலாளர் அளந்த சாய்வுகளை ஒத்திருத்தலை நிறுவினர். எந்திரத்துக்குத் தப்பெண்ணம் இல்லை. தப்பெண்ணமுள்ள எழுத்தை அது பிழையின்றி எண்ணுகின்றது. ஆனால் இது வரலாற்றாசிரியர்க்கு இழப்பன்று. ஒரு காலத்தின் தப்பெண்ணமும் அக்காலத்துக்குரிய சான்றேயாகும். வரைபடத்தை உலகமென மயங்காது, எழுதியவரின் உலகமெனக் கொண்டால் அது பெறுமதிமிக்க மூலம்.

அவ்வாறு விழிப்போடு செய்த ஆய்வுக்குத் தென்னிந்திய வரலாற்றிலேயே முன்மாதிரி உண்டு. யப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு, மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுக்களிலுள்ள ஆட்பெயர்களுக்கு 1978இல் மூன்று தொகுதிகளாக ஓர் அடைவை வெளியிட்டனர். ஊர்ப்பெயரோடு ‘உடையான்’ என்பது சேரின் அது நிலவுடைமையைச் சுட்டும். ‘மூவேந்தவேளான்’ போன்ற பட்டங்கள் அரச பணியைச் சுட்டும். இப்பெயர்க் கூறுகள் எங்கு, எக்காலத்திற் சேர்ந்து வந்தன என்பதைக் கொண்டு சோழர் காலத்து அதிகாரமும் நிலவுடைமையும் ஆராயப்பட்டன. அவர்கள் பெயரைக் கல்லிலிருந்து பிரித்தெடுத்தபோது கல்லை மறக்கவில்லை. ஆயினும் கல்லிலே பெயர் பொறிக்கப்பட்டவர் கொடுத்தற்குப் பொருளுடையோரும் அதனைப் பதிவுசெய்தற்கு அதிகாரமுடையோருமே. உழுதவரிற் பெரும்பாலோர் அவ்வடைவில் இல்லை.

நமது சொற்களின் நிலை

இவ்வினா நம்மையும் தொடுகின்றது. ‘தோட்டம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து வழக்கிலே அதன் அயலில் நிற்பவை கிணறு, துலா, இறைப்பு, புகையிலை, வெங்காயம், மிளகாய் ஆகியன. மலையகத்திலே அதன் அயலில் நிற்பவை லயம், கங்காணி, துரை, பிரட்டு, கொழுந்து, கூடை ஆகியன. முன்னதில் ஒருவன் தன் தோட்டத்துக்குப் போகின்றான். பின்னதில் ஒருவன் தோட்டத்துக்கு உரியவனாகின்றான். தோட்டம் அவனுக்கு உரியதன்று. எழுத்து ஒன்றே, வாழ்க்கை இரண்டு.

இச்சொல்லுக்கு எந்திரம் வரைபடம் வரைய முற்பட்டால் என்ன நிகழும்? எவருடைய எழுத்து மிகுதியாக அச்சேறியுள்ளதோ அவருடைய தோட்டமே மையத்தில் நிற்கும். மலையக மக்களின் அனுபவத்திற் பெரும்பகுதி நெடுங்காலம் பாட்டாகவும் கூத்தாகவும் பேச்சாகவுமே வாழ்ந்தது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அப்பாடல்களைத் தேடித் தொகுத்திராவிடின் அவையும் ஏட்டுக்கு வந்திரா. தோட்ட நிர்வாகம் அம்மக்களைப் பற்றி எழுதியவையோ பெரும்பாலும் ஆங்கிலத்திலே கிடக்கின்றன. அங்கே அவர்கள் தொகையும் கூலியுமாகவே காணப்படுவர். அரிதாக எழுதப்பட்ட வாழ்க்கை வரைபடத்திலே ஓரத்துப் புள்ளியாகும். எழுதப்படாத வாழ்க்கை புள்ளியும் ஆகாது.

எழுதப்பட்டவையும் எஞ்சினால்தான் எண்ணப்படும். 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதனவும் இருந்தன. நூலொன்று அழியும்போது அதன் கருத்து அழிகின்றது என்பதை அனைவரும் அறிவர். அந்நூலிலே மாத்திரம் அருகருகே நின்ற சொற்களின் உறவும் அதனோடு அழிகின்றது என்பது பலர் நினையாதது. இன்று எஞ்சிய எழுத்தைக் கொண்டு ஈழத்துத் தமிழின் வரைபடத்தை எவ்வளவு நுட்பமான எந்திரம் வரைந்தாலும் அவ்விடம் வெறுமையாகவே இருக்கும். வெறுமை என்று அது காட்டவும் மாட்டாது. அயலிலுள்ள புள்ளிகள் நெருங்கி வந்து அவ்விடத்தை மூடிவிடும்.

2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலக முயற்சி ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் திரட்டி வருகின்றது. இது போற்றத்தக்க பணி. எனினும் ஒளிவருடிய பக்கம் எந்திரத்துக்கு ஒரு படமே. அதிலுள்ள எழுத்துக்கள் எழுத்துக்களாக அடையாளங்காணப்பட்ட பின்னரே அவற்றை எண்ண இயலும். அதன் பின்னரும் தமிழின் இயல்பு தடையாகும். தோட்டம், தோட்டத்தில், தோட்டத்துக்கு, தோட்டங்களை என ஒரே சொல் பலவாக உருமாறி வருதலால், பகுதி விகுதி பிரித்தறியாத எந்திரம் ஒரு சொல்லைப் பத்தாக எண்ணும். இலத்தீன் சொற்களின் வேறுபட்ட வடிவங்களை ஒன்றாக்குதற்குப் பூசாவின் குழுவினர் செலவிட்ட உழைப்பு நமக்கும் வேண்டும். சங்க நூல்களுக்கு லேமனும் மால்ரனும் 1992இல் ஒரு சொல்லடைவு தந்துள்ளனர். பத்தொன்பதாம் இருபதாம் நூற்றாண்டுகளின் ஈழத்து உரைநடைக்கு அத்தகைய அடிப்படை இருப்பின், மேற்கூறிய வினாக்களுக்கு வெறும் ஊகத்தாலன்றிச் சான்றோடு விடை தேடலாம்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். பாரிஸ் துறவியரின் அடைவு சொல்லின் இடத்தைக் காட்டிற்று. பேர்த்தும் ஹரிசும் அவ்விடமே பொருளுக்கு வழி என்றனர். ஸ்பார்க் ஜோன்ஸ், சால்டன், டுமே முதலியோர் அவ்வழியை எண்ணாக்கினர். கலோன் போன்றோர் அவ்வெண்ணைப் படமாக்கினர். ஏறத்தாழ 800 ஆண்டுக்கால முயற்சி, எந்த மனிதனும் தன் ஆயுளிலே வாசித்து முடிக்க இயலாத எழுத்துப் பரப்பை ஒரு பார்வையிலே காணும் ஆற்றலை நமக்கு அளித்துள்ளது. இதனை மறுப்பதும் ஒதுக்குவதும் பேதைமையாகும்.

ஆயின் தொல்காப்பியர் கூறிய மூன்றனுள் எந்திரம் எண்ணுவது வினையையும் இனத்தையுமே. சார்பு அதன் கைக்கு எட்டுவதில்லை. பேசியவன் கவசம் பூண்டிருந்தானா, கூடை சுமந்திருந்தானா, அவன் பேச்சை எழுதிவைத்தவர் யார், எழுதியது எவ்வாறு எஞ்சிற்று என்பன எழுத்துக்கு வெளியே உள்ளவை. அவற்றைத் தேடிச் சேர்ப்பது வரலாற்று மாணவரின் கடன். நம் கிராமங்களிலும் தோட்டங்களிலும் முதியோர் வாயிலே இன்னும் வழங்கும் சொற்களை, அவை வழங்கும் சூழ்நிலையோடு சேர்த்து இப்போதே பதிவுசெய்தல் வேண்டும். நாளை எவரேனும் நமது மொழிக்கு வரைபடம் வரைய அமரும்போது, அச்சொற்கள் அங்கே இருப்பதும் இல்லாதொழிவதும் இப்பணியைப் பொறுத்தே அமையும்.